சுவிட்ச் போட்டால் விழும் அருவி

இந்த ஊரில் ஓர் அருவிக்கு சுவிட்ச் இருக்கிறது. டெட்ராய்ட் டவுன்டவுனில், புதுப்பித்த பழைய கட்டடம் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில், மூன்று மாடி உயரக் கருங்கல் சுவரில் தண்ணீர் விழுகிறது. காலை எட்டு மணிக்குக் காவலாளி சுவிட்சைப் போடுகிறார், மாலை ஆறு மணிக்கு அணைக்கிறார். எங்கள் குற்றாலத்தில் மலையில் மழை பெய்தால்தான் அருவி. சீசனில் தென்காசி பஸ்ஸில் ஏறினால், முன்பின் தெரியாத ஆள்கூட 'தண்ணி விழுதா?' என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

நான் இந்தக் கட்டடத்தில் வாழைக்காய் சிப்ஸும் இஞ்சி டீயும் விற்கத் தொடங்கியபோது, தெருவில் பாதி ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். வேறு யாரும் வராத இடம், அதனால்தான் எனக்குக் கிடைத்தது. முதல் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தாலே அதிகம். பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அலுவலகங்கள் வந்தன, டிராம் வந்தது, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் வந்தார்கள். மதியம் என் கடை முன்னால் வரிசை நின்றது. செத்துக்கிடந்த தெரு எழுந்து உட்கார்ந்ததில் என் வாணலிக்கும் பங்கு உண்டு என்று மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கட்டட நிர்வாகத்திலிருந்து லிண்டா என்ற பெண் காகிதத்தோடு வந்தார். கட்டடம் முழுவதையும் புதுப்பிக்கப் போகிறோம், எல்லாரும் காலி செய்ய வேண்டும், முடிந்ததும் நீங்கள் திரும்பி வந்தால் மகிழ்ச்சி என்றார். "இதே இடம்தானே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த டேரல், வக்கீலைப் பார்க்கப் போகிறேன், நீயும் வா என்று இரண்டு தடவை கூப்பிட்டார். எதற்கு வீண் அலைச்சல் என்று நான் போகவில்லை.

நான் அசடு இல்லை. வளர்ந்த விதம் அப்படி. தண்ணீர் விழத் தொடங்கியதும், பேரருவிக்குப் போகும் வழியில் அப்பா சீசன் கடை போடுவார். சீசன் முடிந்ததும் தட்டியையும் கம்பையும் கழற்றிவிட்டு, கம்பு நட்ட குழிகளை எல்லாக் கடைக்காரர்களும் குழிக்கொரு கல் போட்டு மூடிவிட்டு வருவார்கள். அடுத்த ஆனியில் கல்லை எடுத்தால் குழி அப்படியே இருக்கும். அவரவர் இடம் அவரவருக்கு. அடுத்தவன் குழியில் கம்பு நட்டவனை நான் பார்த்ததே இல்லை. அப்பாவிடம் போனில் சொன்னபோது அவரும் பதறவில்லை. "கழட்டுனா திரும்பப் போடத்தானட்டி செய்யணும்? போர்டையும் வாணலியையும் பத்திரமா வச்சுக்கோ" என்றார்.

வைத்துக்கொண்டேன். இரண்டு குளிர்காலம் என் வாணலியும் அடுப்பும் கராஜில் இருந்தன, கணவரின் கார் வெளியே பனியில் நின்றது. கட்டடம் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே, கடைப் பெயர்ப் பலகையைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.

உள்ளே எல்லாம் மாறியிருந்தது. எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. கடைசியில் என் கடையை ஒட்டியிருந்த பழைய இரும்புத் தூணை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். என் அடுப்பு இருந்த இடத்தில்தான் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நம்ப முடியாமல் கையை நீட்டினேன். "மேடம், தண்ணீரைத் தொடக் கூடாது" என்றார் காவலாளி. மேல்மாடிக்குப் போய் லிண்டாவைப் பார்த்தேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அந்தக் காகிதத்தில் சொன்னபடி நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையே. திரும்பி வர விருப்பமில்லை என்றல்லவா நினைத்தோம்" என்றார். டேரலுக்குப் பின்பக்கம் ஒரு கடை கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பித்திருக்கிறார், கிடைத்திருக்கிறது. குழியில் கல்லைப் போட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன கிடைக்கும்?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இங்கே தண்ணீரை ஊற்றிவிட்டார்கள், மரத்தைத்தான் காணோம். கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. கீழே இறங்கி வந்து தூணில் சாய்ந்து நின்றபோது அப்பா வீடியோவில் அழைத்தார்.

"பின்னால என்னட்டி சத்தம்?"

போனைத் திருப்பிக் காட்டினேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தண்ணி நல்லா விழுதே. இன்னும் கடையப் போடாம போர்டை வச்சுக்கிட்டு ஏன் நிக்க?"