மதிக்கு ஓர் அறை: திருநெல்வேலியிலிருந்து குருநகர் வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, சுமார் நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் இறங்கினோம். என் தங்கை மதிக்கு யாழ்ப்பாணத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருந்தது. மறுநாள் காலை வகுப்பு. அதற்குள் அவளுக்கு ஓர் அறை வேண்டும். வெளிநாட்டிலிருந்து அங்கே படிக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நிதானமாக எழுத நினைத்தேன், வயிற்றெரிச்சல் விடவில்லை.

துறைமுக வாசலில் சேவியர் அண்ணையின் ஆட்டோ கிடைத்தது. திருநெல்வேலிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இரண்டாயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய். திருநெல்வேலி என்றதும் அல்வாவை நினைக்காதீர்கள். இது வேறு ஊர்: பல்கலைக்கழக வளாகம், சந்தை, பலாலி வீதியில் ஓயாத பஸ், தெருவுக்குத் தெரு மாணவர் தங்கும் வீடுகள்.

முதல் வீட்டில் சைவச் சாப்பாடு மட்டும், மாலை ஆறு மணிக்கு வாசல் படலைக்குப் பூட்டு. அவர்கள் வீடு, அவர்கள் சட்டம், போகட்டும். இரண்டாவது, ஒரு மாடி வீடு. உரிமையாளர் லண்டனில் இருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பரமேஸ் அக்கா கதவைத் திறந்தார். நல்ல காற்று, வளாகத்துக்கு நடக்கிற தூரம், மாதம் பதினையாயிரம். சாவியை மதி கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் அப்போதே பையைத் திறந்து கட்டிலில் விரிப்பை விரித்தாள்.

"அப்பா என்ன செய்யிறார் பிள்ளை?"

"மீன் பிடிக்கப் போறாரு," என்றாள் மதி.

"ஓ, கடல் பக்கமோ. நில்லுங்கோ, லண்டனுக்கு ஒருக்காக் கதைச்சிட்டு வாறன்."

முற்றத்தில் நின்றுதான் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து வந்த ஆண் குரல் மாடி வரை கேட்டது.

"தொழில் என்னவாம்?"

"கடல் தொழிலாம்."

"அப்ப வேண்டாம். ஒரு கிணறுதானே கிடக்கு, எல்லாரும் புழங்கிறது."

அட பாவி! லண்டனில் உனக்கு வீடு கொடுத்தவன் உன் அப்பா தொழிலைக் கேட்டுவிட்டா குழாயைத் திறந்துவிட்டான்? மேலே வந்த பரமேஸ் அக்கா, "குறை நினையாதேங்கோ, அவர் அறையை வேறை ஆருக்கோ சொல்லிப்போட்டாராம்," என்று கையை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் மதி சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டாள்.

வாசலில் ஆட்டோவோடு காத்திருந்த சேவியர் அண்ணை நடந்ததைக் கேட்டு, "இனி அப்பா கந்தோரிலை வேலை எண்டு சொல்லுங்கோ," என்றார். கந்தோர் என்றால் அலுவலகம். மதி ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றாள். "அப்ப என்ரை தங்கச்சி வீட்டை போவம்," என்று வண்டியைக் குருநகருக்குத் திருப்பினார். ஐந்து கிலோமீட்டர், மீனவர் குடியிருப்பு. இங்கே என்ன பிரச்சினை வரப்போகிறது என்று நான் நினைத்தேன்.

அவர் தங்கை ஜெசிந்தா அக்காவும் அப்பா என்ன செய்கிறார் என்றுதான் கேட்டார். மதி உள்ளதைச் சொன்னாள்: "விசைப்படகுல கூலிக்குப் போறாரு."

"றோலரோ?" இழுவைப் படகைத்தான் அப்படிக் கேட்டார்.

"ஆமா."

அக்கா மூலையில் கிடந்த வலையை இழுத்து எங்கள் முன்னால் போட்டார். நடுவில் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல்.

"இது ஆர் அறுத்தது தெரியுமோ? உங்கடை ஆக்கள்! எங்கடை கடலுக்கை வந்து எல்லாத்தையும் வழிச்சுக்கொண்டு போறாங்கள். என்ரை மனுசன் வெறுங்கையோடை வாறார். நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

ஏச்சு நிற்கவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்கை எழும்பிறியள்? உங்கடை அப்பாவையெல்லோ ஏசினனான். படிக்க வந்த பிள்ளை, உவளோ என்ரை வலையை அறுத்தவள்? பின்னறை சும்மாதான் கிடக்கு. கை கால் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ."

கிணறு எங்கே என்று மதி கேட்டாள். "பின்னாலை. வாளி பாரம், பாத்து அள்ளு," என்றார்.

அந்த ஏச்சு நியாயமானது. ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். லண்டன்காரருக்கு மட்டும் இன்னும் மனத்துக்குள் திட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி, போகிறவர்களுக்கு. குருநகரிலிருந்து வளாகத்துக்கு யாழ் பஸ் நிலையத்தில் மாறி ஏற வேண்டும். காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பாட்டோடு வாடகை பேசுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால், முடிவு யார் கையில் என்று முதலில் கேளுங்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் வாசலிலேயே உள்ளதைச் சொல்லுங்கள், பையைத் திறப்பதற்கு முன்னால். மதி விரிப்பை விரித்த பிறகுதான் சொன்னாள். அதை அவள் திரும்ப மடித்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றது நான்.