ஹனீப் பாய் பிடுங்கி எறிந்த வில்லை

ஹனீப் பாயின் தோல் பட்டறையில் யானைத் தந்தம் சிக்கியதாம். விலங்கு மாட்டி இழுத்துப் போனார்களாம். பாய் வழியெல்லாம் அழுதாராம். தாராவியின் மூன்று டீக்கடைகளில் அந்தத் தந்தத்துக்கு மூன்று எடை. அது கிடக்கட்டும், நடந்ததைக் கேளுங்கள்.

மூடிப்போன வெள்ளிப் பாலிஷ் பட்டறை ஒன்றின் பழைய தோல்களை முகம்மது ஹனீப் மொத்தமாக வாங்கினார். மூட்டையின் அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கொம்பு. கொம்பின் அடிப்பாகத்தில் கம்பியில் கோத்த நம்பர் வில்லை. தோலோடு எந்தக் கம்பி வந்தாலும் முதலில் பிடுங்கி எறிவது பட்டறைப் பழக்கம். விட்டால் மெஷின் ஊசி முறியும். கை தானாகப் பிடுங்கிக் குப்பை போடும் கச்சரா சாக்கில் போட்டது. பக்கத்தில் பழைய இரும்பு வாங்கும் பங்கார் கடை இசக்கிப்பாண்டி வந்து சாக்கைத் தூக்கிப் போனான்.

திரும்பி வந்து கொம்பைப் பார்த்ததும் இசக்கி அலறினான். "யானைக் கொம்புல்லா பாய்!"

மகள் சஃப்ரீன் மொபைலில் தேடினாள். "யானை இல்ல வாப்பா, வால்ரஸ். ஐஸ் கடல்ல கெடக்கும். அதோட தோல வச்சுத்தான் வெள்ளிய பாலிஷ் பண்ணுவாங்களாம். ஐஸ் உருகி எடமில்லாம, கரையில நெருக்கி மிதிபட்டுச் சாகுதாம். அந்த ஊர்க்காரங்க மட்டுந்தான் வேட்டையாடலாமாம். கொம்புக்குக் கொம்பு ஆபீசர் வில்லை மாட்டணுமாம்."

"வில்லை இல்லன்னா?"

"திருட்டு வேட்டை வாப்பா."

ஹனீப் கொம்பின் மேல் ஒரு தோலை இழுத்துப் போட்டார். ஜெயில். பட்டறைக்கு சீல்.

"அந்தக் கை இன்னிக்கு ஒருநா சும்மா இருந்திருக்கப்படாதா?" என்றாள் மனைவி நூர் நிஷா.

ஹனீபும் இசக்கியும் பங்கார் கடையின் தகரக் குவியலில் மண்டியிட்டார்கள். பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஹனீப் குவியலுக்குள் தலையை நுழைத்தார். ஒருமுறை வந்தது தபால்காரர்.

"ஜெயில்ல பிரியாணி போடுவாங்களா பாய்?" என்றான் இசக்கி.

"வாய மூடிட்டுத் தேடுல. கொம்புல ஒன் கையுந்தான் பட்டிருக்கு."

அதன்பிறகு இசக்கி இரண்டு கையாலும் தேடினான். ஒரு நெய் டின்னுக்குள் வில்லை கிடைத்தது.

கொம்பைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, தாணே வன அலுவலகத்துக்கு ஹனீப் தாமே ரயிலேறினார். நெரிசலில் கொம்பு ஒருவர் விலாவில் குத்தியது. "க்யா ஹை, சாச்சா?" என்ன அது என்று திரும்பினார் அவர்.

"சாத்தா," என்றார் ஹனீப். சாத்தா என்றால் இந்தியில் குடை. வெளியே மார்ச் மாத வெயில்.

அதிகாரி நம்பரை அந்த நாட்டுப் பதிவோடு சரிபார்த்துத் திருட்டு வேட்டை இல்லை என்றார், வாக்குமூலம் எழுதினார், கொம்பை வைத்துக்கொண்டு ஹனீபை வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "பாய், ஜாமீன் எப்ப கெடச்சுது?"

"எந்த ஜாமீன்ல? யானையுமில்ல, விலங்குமில்ல. கடல் மிருகத்துக் கொம்பு, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அழவுமில்ல. போற வழியில மூணு ஸ்டேஷன்ல எறங்கி கக்கூசுக்கு ஓடுனேன். சொல்லணும்னா அதச் சொல்லுங்க."