புரட்டாதிச் சனியும் ஊசி பஸ்ஸும்

கொரோனா மறுபடியும் ஆக்லாந்தைப் பூட்டி வைத்த அந்த வருடத்தில் எனக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. இரண்டில் எது பெரிய தொல்லை என்று என் மனைவியிடம் கேட்டால், இரண்டையும் விட்டுவிட்டு என்னைக் காட்டுவாள்.

அப்போது நாங்கள் பிளாக்ஹவுஸ் பேயில், கடைகளுக்குப் பின்னாலுள்ள சரிவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை யூனிட்டுகளில் ஒன்றில் இருந்தோம். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம், உடுப்புக் காயப்போட ஒரு கொடி. கிளீனிங், டேக்அவே, பேக்கிங் என்று எல்லாருக்கும் கை கால் வேலை. நான் கோழி ஃபாக்டரியில் பெட்டி கட்டினேன். நகரமே வீட்டுக்குள் இருந்தபோது நாங்கள் வேலைக்குப் போய் வந்தோம். ஆனால் கொரோனா ஊசி போட்டவர்கள் எங்கள் வரிசை வீடுகளில் குறைவு. ஊசியால் காய்ச்சல் வந்து ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் அந்த நாள் சம்பளம் போய்விடும். பதிவு செய்யும் வெப்சைட் முழுவதும் ஆங்கிலம். வாட்ஸ்அப்பில் வந்த கதைகளோ கேட்கவே வேண்டாம். எனக்குப் பயமில்லை, வெறும் சோம்பல்தான். நாளைக்குப் பார்ப்போம் என்று பல நாளைக் கடத்தியிருந்தேன்.

பக்கத்து யூனிட்டில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி இருந்தான். ரெஸ்டாரண்ட் ஒன்றில் சமையல். அவன் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். எல்லை மூடிக்கிடந்ததால் அவள் அம்மா வர வழியில்லை. ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று அவளுக்குப் பேறு பார்க்கும் மிட்வைஃப் போனில் சொல்லியிருந்தார். அம்மாவோ அதே போனில், வேண்டவே வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தார். நடுவில் அந்தப் பிள்ளை இளைத்துப்போனாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுக்கும் வயிற்றில் இருந்ததற்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

ஒரு சனிக்கிழமை, ஆட்களைத் தேடி வந்து ஊசி போடும் பஸ் எங்கள் தெருவுக்கே வரப்போகிறது என்று தெரிந்ததும் முற்றத்தில் நின்று சத்தமாக அறிவித்தேன்.

"முதல் நான் போடுறன். என்னைப் பாருங்கோ. எனக்கு ஒண்டும் நடக்கேல்லையெண்டால் நீங்களும் போடுங்கோ."

தம்பி தலையாட்டினான். "சரிண்ணா. உங்களப் பாத்துட்டு அவளும் போட்டுக்கட்டும்."

அது புரட்டாதிச் சனி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சனி பகவானுக்கு எள்ளெண்ணெய் விளக்கேற்றி, ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருப்போம். கோயில் பூட்டியிருந்ததால் வீட்டிலேயே விளக்கேற்றினேன். வாரம் முழுக்கக் கோழிக்கு நடுவில் நிற்கிறவன் என்பதால் விரதத்தில் நான் கொஞ்சம் கூடுதல் கறார். மத்தியானச் சோறு வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது.

பஸ் பிந்தி வந்தது. வரிசை நகர்ந்து என் முறை வர மத்தியானம் தாண்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வரும்படி மனைவி இரண்டு தரம் சொன்னாள். முதல் ஆளாகப் போடுவதாகச் சொல்லிவிட்டு வரிசையை விடுவதா? வீம்பு விடவில்லை. ஊசி எறும்பு கடித்த மாதிரிக்கூட இல்லை. கதிரையில் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். பிறகு முற்றத்துச் சனமெல்லாம் பார்க்க, வெற்றி வீரனாகக் கையை உயர்த்திக்கொண்டு எழும்பினேன்.

கண் திறந்தபோது நான் நிலத்தில் கிடந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மனைவி பக்கத்தில் இருந்தாள்; அவளைத் தவிர வரிசையில் ஒருவரையும் காணவில்லை. நர்ஸ், நல்ல உயரமான சமோவாப் பெண், பிஸ்கட்டும் ஜூஸும் நீட்டினாள்.

"நோ, நோ, ஃபாஸ்டிங்" என்றேன்.

மனைவிக்கு வந்ததே கோபம். "சனீஸ்வரனே நேரில வந்து ஜூஸ் தந்தாலும் இந்த மனிசன் குடிக்காது! வாயைத் திறவுங்கோ!"

திறந்தேன். ஆனால் காரியம் கெட்டுவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. தம்பி தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தான். மறுநாள் அவன் கதவில் தட்டி, பசியால் விழுந்தேன், ஊசியால் இல்லை என்று விளக்கினேன்.

"இல்லண்ணா, நாங்க அப்புறம் பாத்துக்கறோம்" என்றான்.

மற்ற வீடுகளிலும் அதே மரியாதைதான். நான் சமாளிக்கிறேன் என்று அவர்கள் நினைத்தது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் கிழமை முழுவதும் எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். சனி பகவான் மேலும் கொஞ்சம்.

பஸ் மறுபடி ஒரு புதன்கிழமை வந்தது. முதல்முறை நான் விழுந்தபோது என்னைத் தூக்கப்போய்த் தன் ஊசியைத் தவறவிட்டவள் மனைவி. அன்று காலை எங்கள் வாசற்படியில், எல்லா யன்னலுக்கும் தெரிகிறமாதிரிக் குந்தியிருந்து, ஒரு பெரிய கோப்பை புட்டும் சம்பலும் சாப்பிட்டாள். அவசரமே இல்லை. விரலையும் வழித்துவிட்டுப் போய் ஊசி போட்டாள். வந்து, ஊசி போட்ட கையாலேயே ஈரப் போர்வைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். நான் உதவ எழும்பினேன்.

"நீங்கள் அசையாமல் இருங்கோ" என்றாள்.

போர்வைகள் முடிவதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. அந்தப் பிள்ளை மாஸ்க்கோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

மனைவி எப்படியும் "ஆகாது" என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. "எனக்கு அது தெரியாதம்மா. உன்ர மிட்வைஃபுக்குத் தெரியும். இப்பவே போன் எடுத்துக் கேள். போடுறதெண்டால் நான் பக்கத்தில நிக்கிறன்."

அந்தப் பிள்ளை போன் எடுத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு மனைவி கொடுத்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். தம்பியும் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்து மற்றக் கதவுகளும் திறந்தன. பஸ் போகும்போது எங்கள் முற்றமே கையைத் தடவிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டையும் மாஸ்க் பாதி மறைத்துவிட்டது.

மாசியில், இங்கே கோடை முடியும்போது, கொரோனா எங்கள் வரிசைக்கே வந்தது. ஒரு வீட்டையும் விடவில்லை. பேறுக்கு இரண்டு கிழமை இருந்தபோது பக்கத்து யூனிட்டுப் பிள்ளைக்கும் வந்தது. ரசமும் கஞ்சியும் அவள் வாசலில் வைத்துவிட்டு, மனைவியும் நானும் மாறி மாறிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். காய்ச்சல் இரண்டு நாள் நின்று இறங்கியது. எங்கள் முற்றத்தில் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஊசி போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று மிட்வைஃப் சொன்னாராம். பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே ஒரு நல்ல காரியத்துக்கு. பெண் குழந்தை, குரல் என்னைவிடப் பெரிது.

பிறந்து ஆறாவது கிழமையில் குழந்தைக்கு வழக்கமான முதல் ஊசி. தம்பி வந்து நின்றான். "அண்ணா, குழந்தைக்கு ஊசி குத்துறத எங்களால பாக்க முடியாது. நீங்க வந்து மடியில வெச்சுக்கங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். கிளினிக் வாசலில் அந்தப் பிள்ளை குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு டிஃபன் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணா, முதல்ல நீங்க சாப்பிடுங்க. அப்புறந்தான் குழந்தையத் தருவேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இட்லி முழுவதையும் நின்றபடியே சாப்பிட்டு முடித்து, வெறும் பெட்டியைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். அதன் பிறகுதான் குழந்தையை என் கையில் தந்தாள்.