டைமண்டுக் கோட்டு

போடியில் பெல்பாட்டம் பரவியதற்கு டெய்லர் தானியேல்தான் காரணம் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். எழுபத்தைந்து வாக்கில், கல்யாணத்துக்குத் தைத்த குழாய்ப் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு இளவட்டங்கள் அவர் கடைக்கு வருவார்கள். முழங்காலுக்குக் கீழே தையலைப் பிரித்து, வேறு நிறத்தில் முக்கோணத் துண்டு ஒன்றை வைத்து மூட்டிக் கொடுப்பார். போட்டுக்கொண்டு நடந்தால் தெருப் புழுதியெல்லாம் கூட வரும். பெண்களுக்கு ஜாக்கெட் முதுகில் வட்டம், கையில் சாய்சதுரம். "இவரு டெய்லரா, கணக்கு வாத்தியாரா?" என்று பஜாரில் கேலி பேசினார்கள். அவருக்கு அதிலும் பெருமைதான். புகழ் என்றால் அந்த மனிதருக்கு வெல்லம்.

எண்பதுகள் பிறந்ததும் பெல்பாட்டம் செத்துப்போனது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான், மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்புக்குக் காத்து நிற்கும் பெண்களை அவர் கவனித்தார். சேலைக்கு மேல் புருஷன் சட்டை, அதற்கு மேல் சாக்கு, தலையில் துண்டு.

"இது என்னத்தா கோலம்?" என்று வீரலட்சுமியைக் கேட்டார். அவள் அடுத்த தெருக்காரி. கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பையனை இடுப்பில் வைத்திருந்தாள். தோட்டத்தில் மரக்கிளையில் தொட்டில் கட்டி, அவனைப் போட்டுவிட்டுத்தான் காய் பறிப்பாள்.

"மேல வந்து பாருங்கண்ணே. சாரலு, பனி, அதுக்கு மேல ரத்தம் உறிஞ்சுற அட்டை. இதுல ஒண்ணக் கொறச்சாலும் சோலி பாக்க முடியாது."

அன்றே தானியேல் கத்தரியை எடுத்துவிட்டார். மூன்று அடுக்கில் ஒரே கோட்டு. உள்ளே பழைய வேட்டித் துணி. வெளியே கடையில் மிஞ்சிய துண்டுகளை டைமண்ட் டைமண்டாக வெட்டி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே கறுப்பு வைத்து மூட்டியது. நடு அடுக்குக்குத்தான் கனத்த துணி வேண்டியிருந்தது. தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்த மொக்கையன், பூச்சிமருந்துப் பொடி வந்த வெள்ளைத் துணிப்பைகளை ஓடையில் அலசிக் காயப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். மருந்துப் பை என்று தானியேலுக்குத் தெரியும். அதனால் என்ன? மருந்து வந்த டப்பாவைக் கழுவி அதிலேயே தண்ணீர் மொண்டு குடித்த காலம் அது. கழுவினால் போச்சு என்பதுதான் எல்லோர் நினைப்பும்.

கோட்டுக்கு இஸ்திரி போடும் வேலை அவர் மனைவி லில்லிக்கு. சூடு பட்டதும் துணியிலிருந்து ஒரு வாடை எழுந்து மூக்கில் குத்தும்.

"எனக்குத் தல கிறுகிறுங்குது. இது நல்ல வாடையாத் தெரியல."

"புதுத் துணின்னா அப்படித்தாண்டி இருக்கும்."

"பழைய பையில எங்கேருந்து புதுத் துணி வாடை வரும்?"

தானியேல் மிஷினை வேகமாக மிதித்தார். ஒருநாள் இஸ்திரி மேசைக்கு மேலே சுவரில் இருந்த பல்லி செத்து அவர் தோளில் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆதாயம் என்றார். கிறிஸ்தவராக இருந்தும் அந்தப் பலனை மட்டும் தானியேல் நம்பிக்கொண்டார்.

கோட்டு ஜீப்பு ஜீப்பாகப் பரவியது. பெண்கள் கடை வாசலில் நின்று அவரைக் கொண்டாடினார்கள். "அண்ணே, ஒங்க கோட்டப் போட்டா அட்டை ஏற மாட்டேங்குது. ஏறுனாலும் சுருண்டு விழுந்துருது. தலையில பேனுகூட இல்ல." கேட்ட மனிதர் யோசித்திருக்க வேண்டாமா? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? தையல் நெருக்கமாக இருந்தால் அட்டைக்குப் பிடி கிடைக்காது என்று அவர்களுக்கே விளக்கம் சொன்னார்.

வீரலட்சுமி இன்னும் ஒருபடி மேலே போனாள். கோட்டைத் தொட்டிலில் விரித்துப் பிள்ளையை அதிலேயே சுற்றிப் படுக்க வைத்தாள். "ஒரு கொசு அண்டலண்ணே. வாயில வச்சுச் சப்பிக்கிட்டே தூங்கிருறான்" என்று சிரித்தாள். தானியேலும் சிரித்தார்.

மறுநாள் காலை மொக்கையன் அடுத்த கட்டுப் பைகளோடு வந்தான்.

"இனிமே ஓடையில அலச முடியாதுண்ணே, ஊர்க்காரங்க சண்டைக்கு வர்றாங்க. நான் அலசுற எடத்துல மீனெல்லாம் வெளுத்து மெதக்குதாம்."

தானியேலின் கையில் கத்தரி நின்றது. அட்டை, பேன், கொசு, பல்லி, இப்போது மீன். சப்பிக்கொண்டே தூங்குகிறான் என்று வீரலட்சுமி சொன்னது நினைவுக்கு வந்ததும் கத்தரியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். ஜீப்பு விடியும்போதே மலையேறியிருக்கும். அரிசி லோடு ஏற்றி மலை உச்சியிலுள்ள போடிமெட்டுக்குப் புறப்பட்ட ஜீப்பில் தொற்றிக்கொண்டார்.

பாதி மலையில் மேகம் இறங்கி ரோட்டை மூடியிருந்தது. மேலிருந்து ஒரு ஜீப்பு விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வேலை நேரத்தில் தோட்டத்து ஜீப்பு இறங்காது. தானியேல் குதித்து, நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வீரலட்சுமி மடியில் பிள்ளை. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக மூட்டை போலச் சுற்றியிருந்தாள்.

"பாலக் கக்கிட்டு வெட்டி வெட்டி இழுத்துச்சுண்ணே. இப்ப ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. அதான் நல்லாப் போத்தியிருக்கேன்."

"கோட்ட எடு ஆத்தா!"

"பிள்ளைக்குக் குளுருதுண்ணே."

அவரே பிடுங்கி எறிந்தார். தன் சட்டையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றி, யார் மடியில் கொடுப்பது என்று நிமிர்ந்து பார்த்தார். வீரலட்சுமியின் சேலையிலும் அந்த வாடை. துணைக்கு வந்த அத்தனை பெண்களும் அதே கோட்டைப் போட்டிருந்தார்கள். வெற்று மார்போடு பிள்ளையை அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். "அதுல மருந்து இருக்கு, கழட்டுங்கத்தா" என்று அவர் கெஞ்ச, ஒவ்வொருத்தியும் கழற்றி வெளியே எறிந்தாள். வீரலட்சுமி அவர்கள் எறிந்த ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்து முந்தல் வருவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது. அவர் மார்பில் படிந்திருந்த சின்ன மூச்சு நின்றது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து அவளும் தெரிந்துகொண்டாள். அழவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, வெலகுன போதெல்லாம் நாந்தான இழுத்து இழுத்துப் போத்துனேன்?"

"இல்ல ஆத்தா," என்றார் தானியேல். "நாந்தான் போத்துனேன்."