எனக்காக நான் கேட்காதது

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிச் சில வருடங்களே ஆகியிருந்தன. அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவன் நான். தேர் ஜோடிக்க ஆள் சேர்ப்பது, சாமியார் வர முடியாதபோது சாவு வீட்டில் ஜெபம் சொல்வது எல்லாமே என் பொறுப்பு. ரயில்வே வேலை நேரம் போக மீதியெல்லாம் கோயில்தான். தெருவில் என்னைக் கண்டால் பீடியை மறைப்பார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

பக்கத்து வீட்டில் இருந்தவன் என் சிறு வயதுத் தோழன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். ஞானஸ்நானம் வாங்கியதோடு சரி, கோயில் பக்கம் வரமாட்டான். ஞாயிறு காலை நான் கிளம்பும்போது லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து, "எனுக்கும் சேத்து வேண்டிக்கினு வா மாமு" என்பான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போவேன். ஒரு நாளும் வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை, வேலை செய்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. அவனுக்கு வயிற்றுக்குள் புண் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே ஆபரேஷன். விழுந்தடித்து ஓடினேன். வராந்தாவில் அவன் மனைவி அழுதுகொண்டிருந்தாள். "எதுவும் சொல்ல முடியாதுன்ட்டாரு டாக்டரு" என்றாள். சாமியாருக்கு ஆள் போயிருந்தது, இன்னும் வரவில்லை.

உள்ளே போய்க் கட்டிலோரம் நின்று அவன் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்றிருந்தது. வழக்கமாகச் சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்தேன். அவன் என் விரலை அழுத்தி நிறுத்தினான்.

"அத்த அப்பால சொல்லு மாமு. நான் போய்ட்டா ஆண்டவரு என்னிய சேத்துக்குவாரா? அதுக்கு இன்னான்னு கேக்கணும்? நீ எப்டிக் கேட்ட, அத்த சொல்லு."

மகளின் காய்ச்சலுக்குக் கேட்டிருக்கிறேன், மழைக்குக் கேட்டிருக்கிறேன், செத்துப்போன எத்தனையோ பேரின் ஆன்மாவுக்காகக் கேட்டிருக்கிறேன். 'என்னை மீட்டுக்கொள்ளும்' என்று எனக்காக ஒரு தடவைகூட மனதாரக் கேட்டதில்லை. கோயில் வேலை செய்கிறவனுக்கு அது தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"நானும் இன்னும் கேக்கலடா" என்றேன்.

அவ்வளவு வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப ரெண்டு பேரும் சேந்தே கேப்போம். தனியா கேக்க எனுக்கும் வெக்கமா கீது."

அவன்தான் சொன்னான். "சேசுவே, நாங்க ரெண்டு பேருமே சரியில்ல. எங்கள கைவுட்ராத." நான் அவன் பின்னாலேயே சொன்னேன். சாமியார் வந்து எண்ணெய் பூசி முடித்ததும் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிழைத்துக்கொண்டான். மூட்டை தூக்க முடியாமல் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். பூசைக்கும் வர ஆரம்பித்தான். கடைசி பெஞ்சுதான், ஆனால் தவறமாட்டான். நான் அந்த வாரமே காலடிப்பேட்டைக்குப் போய், வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த என் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

எத்தனையோ பேருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் என் கிறிஸ்தவ வாழ்க்கை தொடங்கியது, ஜெபமே தெரியாத ஒருவன் சொல்லச் சொல்ல அதைத் திருப்பிச் சொன்ன அந்த நிமிடத்தில்தான் என்று இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.