தாராவிச் சந்தும் எங்கள் தேற்றத்தின் ஓட்டையும்

கடந்த பிப்ரவரியில் செம்பூரில் ஒரு கல்லூரியில் பேசுவதற்காக மும்பை போனேன். பேச்சு மதியம் இரண்டு மணிக்கு. நானும் என் தோழி மைதிலியும் நான்கு வருடம் உழைத்து எழுதிய வடிவியல் தேற்றம்தான் விஷயம். மைதிலி அந்தக் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள். இந்தத் தேற்றத்தை வைத்துத்தான் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும்.

மாட்டுங்காவில் அறை. காலை எட்டரைக்கு இட்லி, வடை, காபி, 140 ரூபாய். நேரம் நிறைய இருந்தது. தாராவி இரண்டு கிலோமீட்டர்தானே, ஒரு தோல் பை வாங்கிக்கொண்டு அப்படியே செம்பூர் போகலாம் என்று நடந்தேன். பை 900 ரூபாய். அதோடு நின்றிருக்கலாம். குறுக்கே போனால் சயான் ஸ்டேஷன் பக்கம் என்று கடைக்காரர் சொன்னார். விதி யாரை விட்டது, சந்துக்குள் நுழைந்தேன்.

பத்து நிமிடத்தில் திசை போய்விட்டது. போனில் என்னைக் காட்டும் நீலப் புள்ளி வீடுகளுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. பயந்துவிட்டேன். ஆனாலும் கணக்குக்காரி என்ற திமிர் இருக்கிறதே! வலது பக்கச் சுவரை விடாமல் தொட்டுக்கொண்டே போனால் வெளியே வந்துவிடலாம் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். தொட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு தையல் கடை வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கடை. மூன்றாம் முறையும் அதே.

வாசலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "என்னக்கா, மூணு தடவ சுத்திட்டிய? இந்த வரிசை தனியால்லா நிக்கி. செவத்தப் புடிச்சா இங்கனயேதான் சுத்துவிய. எதுத்த சந்துல போங்க, ரோடு வந்துரும்."

சரிதான். வெளிச்சுவரோடு சேராத சுவரைப் பிடித்தால் அந்த விதி பலிக்காது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எங்கள் நிரூபணத்தின் மூன்றாம் படியும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நகர்வதுதான். வடிவத்துக்கு நடுவில் ஓர் ஓட்டை இருந்து, அதன் ஓரத்தையே பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தால்? நாங்கள் யோசிக்கவே இல்லை.

சயானிலிருந்து செம்பூர் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 120 ரூபாய். வழி முழுக்க இதே யோசனை. சொல்லாமலே பேசிவிட்டால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் மைதிலியின் வேலை போகும். பன்னிரண்டரைக்கு கேன்டீனில் அவளிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"நேக்கு ஒரு மாசமாவே தெரியும்டி," என்றாள். "சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு பயம். வேலை போயிடுமேன்னும்தான், பொய் சொல்வானேன்."

இரண்டு மணிக்கு அவளே கரும்பலகையில் ஒரு வளையம் வரைந்து, "இந்த மாதிரி வடிவத்துல எங்க நிரூபணம் நிக்காது," என்று தொடங்கினாள். துறைத்தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். என்னவென்று எட்டிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: தாராவியில் போனை நம்பாதீர்கள், வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் தமிழிலேயே கேளுங்கள். பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிட்டால் வெயில் தப்பும். சுவர் விதியை நம்புகிறவர்கள், வெளிச்சுவரிலிருந்து தொடங்குங்கள்.

இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். ஓட்டை இன்னும் அடைபடவில்லை, கல்லூரியின் முடிவும் வரவில்லை. தினமும் காலையில் மைதிலிக்கு போன் செய்கிறேன். வேலை என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வருவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.