ஒரு டீஸ்பூன் அயோடின்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கல்லூரியில் உணவியல் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாக எதைத் தெரிந்துகொண்டாலும் அன்றைக்கே நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும் எனக்கு.

அன்று காலை வகுப்பில் அயோடின். தைராய்டு சுரப்பிக்கு அது வேண்டும், ரொம்பக் குறைந்தால் கரு தங்குவதே சிரமமாகலாம், தங்கிய கருவின் மூளை வளர்ச்சிக்கும் அது தேவை என்று விரிவுரையாளர் சொல்லச் சொல்ல, எனக்குக் கிள்ளானில் இருக்கும் அக்காவின் முகம்தான் தெரிந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம். ஒரு முறை கலைந்துபோய், மறுபடி இப்போதுதான் பத்து வாரம். அவள் சமையலுக்குப் போடுவதோ இந்துப்பு. "உடம்புக்கு நல்லது" என்று அதற்கு மாற்றிவிட்டவளே நான்தான். அதில் அயோடின் பேருக்குத்தான் இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்!

இடைவேளையில் அக்காவின் கணவருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "மாமா, அக்காவுக்கு அயோடின் பத்தாது. இன்னிக்கே வாங்கிக் கொடுத்துடுங்க, லேட் பண்ணாதீங்க!"

உப்பு என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. என் மனதில் இருந்தது, அவர் மனதிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "வாங்கியாச்சு டாக்டரம்மா. ஒரு நாளைக்கு எவ்வளவு?"

நடந்துகொண்டே தட்டினேன். "ஒரு டீஸ்பூன். அதுக்கு மேல வேணாம்." ஒரு நாளைய உப்புக்கு அதுதானே கணக்கு! கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய்விட்டேன்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது ஒரு படம் காத்திருந்தது. அக்கா வீட்டு மேசை. அதன்மேல் ஒரு பழுப்பு நிறப் புட்டி, பக்கத்தில் டீஸ்பூன். கீழே ஒரு வரி: "சாப்பிட்டதும் குடிக்கச் சொல்லிட்டேன். நான் வேலைக்குப் போறேன்."

காயத்துக்குப் போடுகிற அயோடின்.

மாமா பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். முட்டியில் அடிபட்டால் தடவுவார்களே, அவருக்குத் தெரிந்த அயோடின் அது ஒன்றுதான். அவசரம் என்று நான் கத்தியதால், வேலைக்குக் கிளம்பும் முன் கடைக்கு ஓடி வாங்கி வந்திருக்கிறார்.

அவரை அழைத்தேன். எடுக்கவில்லை; துறைமுகத்தில் வேலைக்கு ஏறிவிட்டால் அவர் கைப்பேசியைத் தொட முடியாது. அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "குடிக்காதே, அது விஷம்" என்று எழுதி அனுப்பினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

கே.எல். சென்ட்ரலுக்கு ஓடிக் கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். சுபாங் ஜெயா தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த ஓர் ஆன்டி, "என்னாச்சும்மா, யாருக்கும் சீரியஸா?" என்று கேட்டார். யாருக்கு, யாரால் என்று என்ன சொல்வது?

அக்காவின் அடுக்குமாடியில் நாலு மாடி ஏறிப் போனால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்தார். "கிளினிக்குக்குப் போயிருக்கா லா. முகமே சரியில்ல. வாந்தி வேற."

அந்தப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியாது.

கிளினிக்கில் அக்கா ஒரு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மடியில் அந்தப் புட்டி.

"குடிச்சியா?"

"ஸ்பூன்ல ஊத்திட்டேன்டி. வாய்கிட்ட கொண்டு போனதும் அந்த வாடை... கொமட்டிடுச்சு. சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துருச்சு. அதான் மிஸிகிட்ட கேட்டுட்டுக் குடிக்கலாம்னு கொண்டாந்தேன். போனை வீட்டிலயே விட்டுட்டேன்."

குடிக்கவில்லை. மசக்கை காப்பாற்றியிருக்கிறது. அவள் மடியிலிருந்து புட்டியை எடுத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அக்கா சொன்ன மிஸி, அந்தக் கிளினிக்கின் தாதி, வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அந்த டீஸ்பூன்?"

தலையாட்டினேன்.

"படிச்ச பிள்ளை! இத வயித்துப் பிள்ளைக்காரி குடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா? குறைஞ்சாலும் ஆகாது, கூடிப் போனா பிள்ளையோட தைராய்டையே கெடுத்துடும். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பு, அதுவும் அளவா. மீனு, முட்டை, பாலு. மாத்திரை வேணுமா வேணாமான்னு டாக்டர் சொல்வாரு. நீங்க சொல்லாதீங்க."

அன்றைக்கே அக்காவைத் தைராய்டு பரிசோதனைக்கு எழுதினார்கள். சந்தேகப்பட்டது தப்பில்லை, சொன்ன விதம்தான் ஆளைக் கொன்றிருக்கும்.

வேலை முடிந்து மாமா அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "நீ சொன்னா சரியாதான் இருக்கும்னு புட்டியில என்ன எழுதியிருக்குன்னு கூடப் பார்க்கலம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயதாகப் போகிறது, வீட்டில் ஒரு இடத்தில் நிற்பதில்லை. நான் இப்போதும் யாருக்காவது எதையாவது சொல்லத் துடிக்கிறேன். ஆனால், நான் பாடத்தில் படித்த சொல் அவர்கள் வீட்டில் எந்தப் பொருளுக்குப் பெயரோ என்ற பயம் கூடவே வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.